பின்வாசல் அளவுகோல்

என் கணவருக்குத் தெருவில் முழக்கோல் என்று பெயர். ஆள் நெட்டையாக, நேராக இருப்பதால் வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுப் பின்வாசல் படியில் இறங்கி, தண்ணீருக்குள் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, ஓடையின் மட்டம் இன்றைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. நீர்வளத் துறை கொடுத்த வேலை. பதினோரு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. நான் அதே படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட அன்றைக்குக்கூட, என்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, மட்டத்தை எழுதிவிட்டுத்தான் வண்டி பிடிக்க ஓடினார்.

அந்தப் பதிவேட்டில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. வலி குறைந்த பிறகு, நம்மைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியிருப்பார் என்று ஆசையாகப் புரட்டிப் பார்த்தேன். 'மட்டம்: 64. குறிப்பு: ஒன்றுமில்லை' என்று இருந்தது. அன்றிலிருந்து அந்த ஓடைக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறை கடை, பின்னறையில் தையல் இயந்திரம். இயந்திரத்துக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஓடை. குன்றில் பிறந்து, கோரை மண்டிய சதுப்பு ஒன்றுக்குள் நுழைந்து, வடிகட்டிய மாதிரித் தெளிந்து வெளியே வந்து, ஒரு பாறைப் படியில் முழங்கால் உயரம் குதித்து, எங்கள் வீட்டைத் தாண்டி இருநூறு அடி போய்ப் பெரிய ஆற்றில் சேரும். பெரிய ஆறு எப்போதும் கலங்கல். இரண்டும் சேருகிற இடத்தில் கொஞ்ச தூரம் தெளிந்ததும் கலங்கியதுமாக ஒட்டாமல் போவதைக் கரையில் நின்று பார்க்கலாம். தெருவில் ஓடை என்போம். வரைபடத்தில் அதற்குத் துணையாறு என்று பட்டம். கொசு, ஈரம், தவளைக் கூச்சல் என்று நான் அதைத் திட்டாத நாளில்லை. ஒரு மீன்கொத்தி மட்டும் ஜன்னலுக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்து, நான் பொத்தான் துளைக்குக் கையால் காஜா எடுப்பதை மேற்பார்வை பார்க்கும். அதை நான் ஒன்றும் சொல்வதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஓடையைக் குழாய்க்குள் விட்டு மூடி, மேலே சாலை போடச் சாலைத் துறை கேட்டிருக்கிறது. பத்து வருஷம் ஒருநாளும் வற்றாமல் ஓடியதற்கு ஆதாரம் இருந்தால் அது துணையாறு, யாரும் கைவைக்க முடியாது. இல்லாவிட்டால் வெறும் வடிகால், மூடிக்கொள்ளலாம். வாய்ச்சொல் செல்லாது. வருகிற வியாழக்கிழமை பொறியாளர் நேரில் வந்து பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்வார் என்று எழுதியிருந்தது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினோரு வருஷம் திட்டியவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜன்னலுக்கு வெளியே கான்கிரீட்டும் லாரிகளும் என்று நினைத்தபோது கையில் இருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன். அவர் மட்டும் அசையவில்லை. பதிவேடுகளை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி, வருஷ வரிசையில் அடுக்கி, அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போட்டுவைத்தார். பொறியாளர் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம்.

"பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட முப்பதுக்குக் கீழ போனதில்ல. நீ எதுக்குக் கவலப்படுற?" என்றார். எனக்கும் தெம்பு வந்தது. கட்டிய புருஷனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிரயோஜனம் என்று மனசார நினைத்தேன்.

கெடுத்தவள் நான்தான்.

அந்தத் திங்கட்கிழமை நாத்தனாருக்குத் தைத்த சட்டையைக் கொடுக்கக் கிளம்பினேன். நாத்தனார் என்றால் இவருடைய அக்கா. ஓடைக்கு மேல்புறம் பாறைப் படியைத் தாண்டி அக்கரையில் வீடு. அவருக்கும் எனக்கும் ஏழெட்டு வருஷமாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பாறைப் படிக்குக் கீழே அவர் துணி துவைக்கிற கல் இருக்கிறது. நான் பின்வாசலில் உதறுகிற வெட்டுத்துணித் துண்டுகள் அந்தக் கல்லில் வந்து ஒட்டுகின்றனவாம். தண்ணீர் மேலிருந்து கீழே வருமா, கீழிருந்து மேலே போகுமா? என் துண்டு உங்கள் வீட்டுக்கு எப்படி ஏறி வரும், அதற்கென்ன கால் இருக்கிறதா என்று நான் கேட்பேன். அவர் ஒரு கைப்பிடி ஈரத்துணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். வேண்டுமென்றே என் குப்பையில் பொறுக்கிக்கொண்டு வருகிறார் என்பது என் கட்சி.

கிளம்பும்போது இவர் எச்சரித்தார். காலையில் மட்டம் ஏறிவிட்டது, எண்பத்தெட்டு, ஓடையைக் கடக்கிற தாண்டுகல்லெல்லாம் முங்கியிருக்கும், பார்த்துப் போ என்றார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் வேடிக்கையாக நடந்து போனேன். போய்ப் பார்த்தால் ஏழு தாண்டுகல்லும் காய்ந்து கிடக்கின்றன. வழக்கமாக ஈரமாக இருக்கும் மூன்றாவது கல்கூட வெள்ளையாக இருந்தது. நாத்தனார் அக்கரையில் நின்று என் கோலத்தைப் பார்த்து, என்ன நீச்சல் போட்டிக்கா என்று கேட்டார். அவமானம் தாங்காமல் சட்டையைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து இவரை ஒரு பிடி பிடித்தேன். கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்குங்கள் என்றேன். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பதிவேட்டைக் குறை சொன்னால் மட்டும்தான் இவருக்கு ரோஷம் வரும். என் தையல் நாடாவையும் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டு இருவரும் தாண்டுகல்லுக்குப் போனோம். மூன்றாவது கல்லில், தண்ணீர் தொடுகிற இடத்தில் சாக்கட்டியால் நான் கோடு கிழித்தேன். மறுநாள் காலை பின்வாசல் அளவுகோலில் மட்டம் இன்னும் ஆறு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. தாண்டுகல்லில் தண்ணீர் என் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

இவர் மூன்றாவது கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்கு விளக்கினார். எங்கேயோ மழை பெய்து பெரிய ஆறு ஏறினால், அந்தத் தண்ணீர் ஓடையின் வாய்க்குள் பின்னோக்கி நுழைந்து, பாறைப் படிவரை எதிர்த்து ஏறித் தேங்கி நிற்கும். எங்கள் பின்வாசல் அந்தத் தேக்கத்துக்குள் இருக்கிறது. ஆகப் பதினோரு வருஷமாக இவர் அளந்தது ஓடையை அல்ல, பெரிய ஆற்றை. ஓடை முழுக்க வற்றிப்போயிருந்தாலும் பின்வாசலில் முப்பது சென்டிமீட்டர் நிற்கும். ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அளவெடுத்தால் எப்படியோ, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன்.

என் வெட்டுத்துணி எப்படி மேலே போனது என்பதும் அதே நொடியில் புரிந்தது. நாத்தனார் சொன்னது நிஜம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தக் கோபத்தையும் இவர்மேலேயே இறக்கினேன். "எந்த மடையன் அந்தக் கோலை நம்ம பின்வாசல்ல கொண்டுவந்து நட்டான்?"

"நான்தான் நட்டேன்."

"ஏன்?"

"நீ சொன்னே."

கல்யாணமான புதிதில், அளவுகோல் இந்தத் தாண்டுகல் பக்கத்தில்தான் இருந்ததாம். காலையில் இவர் இங்கே நடந்து வந்து எழுதிவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாம் நாளே நான் வாசலில் நின்று, விடிந்ததும் இப்படிப் போய்விட்டால் போட்ட டீயை யார் குடிப்பது, அந்தக் கோலையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று அழுதேனாம். மறுநாளே துறைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். யாரோ பார்க்காமல் முத்திரை குத்தினார்கள். ஆளை வைத்துக் கோலைப் பிடுங்கிவந்து பின்வாசலில் நட்டார். எனக்கு நினைவு வந்தது. அப்போது நான் ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்ததும் நினைவு வந்தது. பிறகு அதைச் சுத்தமாக மறந்துவிட்டு, பதினோரு வருஷம் அந்தக் கோலைத் திட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கத் தண்ணீரில் முகம் கழுவினேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கெஞ்சினேன். நமக்குத் தெரிந்தது நம்மோடு போகட்டும். தாண்டுகல் பக்கம் ஓடை வற்றியதே இல்லை என்று நாத்தனாருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். உண்மை நம் பக்கம்தான் இருக்கிறது, பதிவேடு எப்படி இருந்தால் என்ன? வாயை மட்டும் மூடிக்கொண்டிருங்கள் என்றேன். இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பொறியாளர் வந்தார். ஆண் வருவார் என்று நான் ஏனோ நினைத்திருந்தேன்; வந்தது முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி. பெரிய ஆற்றங்கரையிலிருந்தே நடந்து வந்ததில் முள் கிழித்து, கோட்டுக் கையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். இவர் போட்டுவைத்த நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது. இப்படிக் கண்ணும் கருத்துமாக எழுதிய பதிவேட்டைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை, மற்ற இடங்களில் ஒரே நாளில் ஒரு மாதத்துக்கு எழுதுகிறார்கள் என்றார். பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார். நான் மேசைக்கு அடியில் இவர் காலை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க. இது பூரா தப்பு" என்றார் இவர்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவர் ஒன்றுவிடாமல் சொன்னார். பாறைப் படி, தேக்கம், சாக்கட்டிக் கோடு, எல்லாம். பொறியாளர் அம்மா பேனாவை மூடினார். அவருக்கே வருத்தம், முகத்தில் தெரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். இவர் அன்றைக்குக் கொடுத்த அதே விண்ணப்பம். அதில் 'இடம் மாற்றக் காரணம்' என்ற இடம் காலியாக இருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, என் வசதிக்காக என்றார். பதினோரு வருஷத்தில் இவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய். அதையும் எனக்காகச் சொன்னார். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவர் வசதி இல்லங்க. நான்தான் அழுதேன். டீ போட்டு வெச்சுக்கிட்டு ஒத்தையா உக்கார முடியலன்னு அழுதேன். அதுக்காக மாத்தினாரு."

பொறியாளர் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் விதி விதிதான், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் வடிகால் என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லி எழுந்தார்.

எனக்கு ஆத்திரம். யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அது வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இந்தக் கிழிசலோடு என் கடையை விட்டு ஒருவர் வெளியே போனால் எனக்குத்தான் கேவலம், ஓடையை மூடுவதானாலும் ஒழுங்கான கோட்டோடு போய் மூடுங்கள் என்று அதட்டி அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். கோட்டைக் கழற்றக்கூட விடாமல், கிழிசலை மடித்துப் பிடித்து, குண்டூசிக்குக் கை நீட்டினேன்.

என் குண்டூசியெல்லாம் ஒரு சிப்பி ஓட்டில் கிடக்கும். உள்ளங்கை அகலம், உள்ளே பளபளப்பு, வெளியே கரும்பழுப்பு. என் கல்யாணத்துக்கு நாத்தனார் கொடுத்த ஒரே பரிசு. தாண்டுகல் பக்கம் பொறுக்கியதாம், சோப்பு வைத்துக்கொள் என்று கொடுத்தார். அந்தக் கஞ்சத்தனத்தைப் பற்றி நான் பேசாத இடம் இல்லை.

பொறியாளர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஊசிகளை மேசையில் கொட்டிவிட்டு, ஓட்டைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் வளைவு வளைவாகக் கோடுகள். விரல் நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணினார். "இது எங்க கிடைச்சது?" என்றார். தாண்டுகல் பக்கம், பாறைப் படிக்கு மேலே என்றேன். உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். அது எனக்கெப்படித் தெரியும், அது என் நாத்தனார் சமாசாரம் என்றேன். பாதி தைத்த கையோடு, நூல் தொங்கத் தொங்க அவர் கிளம்பிவிட்டார். நூலின் மறுமுனையில் ஊசியோடு நானும் பின்னால் ஓடினேன்.

நாத்தனார் கரையில் நின்றிருந்தார். சிப்பியா, காலில் இடறுகிற அளவுக்குக் கிடக்கிறதே என்று மூன்றாவது கல்லுக்கும் நான்காவது கல்லுக்கும் நடுவே கை காட்டினார். நான் ஊசியை விட்டுவிட்டு இறங்கினேன். குளிர் எலும்பில் ஏறியது. சரளைக்கு நடுவில் காலை வைத்துத் துழாவினேன். ஏதோ வழவழப்பாக, பாதி புதைந்து நிமிர்ந்து நின்றது. மெதுவாக எடுத்தேன். அது வாயை இறுக்கமாக மூடிக்கொண்டது. என்னால் என்றைக்கும் செய்ய முடியாத காரியம் அது.

பொறியாளர் அம்மா எண்ணினார். பதினேழு கோடு. இவை வருஷம் முழுவதும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, வளர்ச்சி மந்தமாகும் காலத்தில் ஓட்டில் ஒரு கருங்கோடு விழும், வருஷத்துக்கு ஒன்று என்று விளக்கினார். குஞ்சாக இருக்கும்போது மீனின் செவுளில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றும், பிறகு ஒரு இடத்தில் இறங்கினால் ஆயுசுக்கும் அங்கேதான். நாளெல்லாம் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி விடும். இந்த வகைக்கு, தண்ணீர் வற்றி ஒரு மாதம் வெயிலில் கிடந்தால் கதை முடிந்தது. அதாவது பதினேழு வருஷமாக இந்த இடத்தில் ஓடை ஒருமுறையும் வற்றவில்லை. இன்னும் எட்டு எடுத்தோம். பன்னிரண்டு, பதினைந்து, இருபத்தொன்று. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு, எடுத்த குழியிலேயே திரும்ப வைக்கச் சொன்னார். இதைவிடப் பெரிய ஆதாரம் எந்தச் சட்டத்துக்கும் வேண்டியதில்லை, இது துணையாறுதான் என்று சொல்லி, தாண்டுகல்லிலேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்குக் கால் விறைத்துப்போயிருந்தது. ஆனாலும் தண்ணீரை விட்டு ஏற மனசு வரவில்லை.

இவர் மட்டும் சந்தோஷப்படத் தெரியாமல் நின்றார். "நான் செய்ய வேண்டிய வேலைய இது செஞ்சிருக்கு. அதுவும் லீவே போடாம" என்றார்.

"நீ லீவு போடல தம்பி. இடம் மாறி உக்காந்துட்ட, அவ்வளவுதான்" என்றார் நாத்தனார். பிறகு என் பக்கம் திரும்பி, துணித்துண்டு விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டார். கால் இருக்கிறது, ஏறித்தான் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று பொறியாளர் அம்மா காதுபடச் சொல்ல வேண்டியதாயிற்று. சோப்பு ஓட்டுக்கும் சேர்த்து மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே நட்டோம். இப்போது விடிந்ததும் இருவரும் கிளம்புகிறோம். டீ பிளாஸ்கில் வருகிறது. நான் மட்டத்தைப் படிக்கிறேன், இவர் எழுதுகிறார். நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று முதல் நாளே சண்டை.

கோலை மாற்றிய அன்று பொறியாளர் அம்மாவும் வந்திருந்தார். கோட்டுக் கையில் என் தையல் தெரியவே இல்லை, அதை நான் இரண்டு முறை சொல்லிக்காட்டினேன். இடமாற்றத்துக்கான காரணத்தை இந்த முறையாவது காலியாக விடாமல் பதிவேட்டில் எழுதுங்கள், அப்போது மாற்றியதற்கும் சேர்த்து எழுதுங்கள் என்றார். இவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, பதினோரு வருஷமாக 'ஒன்றுமில்லை' என்றே எழுதிவந்த கட்டத்தில், குண்டுகுண்டான எழுத்தில் எழுதினார்: 'குறிப்பு: கோல் முன்பு இடம் மாறிய காரணம், புது மனைவி. இப்போது திரும்பி வந்த காரணம், அதே மனைவி.'

பொறியாளர் அம்மா அதைப் படித்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.